பம்பரம் எங்கள் வீட்டுப் பெயர்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய விளையாட்டுப் பக்கத்து ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, கூடைப்பந்துக்காரியின் பாட்டி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மகளும் என் இரண்டு முழங்கால்களில் ஒன்றும் நலம். அதுபோல் அங்கு தாங்களும் தங்கள் வீட்டாரும், விடியற்காலையில் பேப்பரைச் சுருட்டி எங்கள் வாசலுக்குப் பதிலாக எதிர்வீட்டு வாசலில் எறிகிறவரும் நலமாக இருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது, அதில் கை வைக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை ஏழாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்கு மேலே, கட்டம் கட்டி ஒரு செய்தி போட்டீர்கள். ஒரே பட்டப்பெயரை நாலு பேர் வைத்துக்கொண்டிருப்பதால் வாசகர்கள் குழம்புகிறார்கள் என்றும், 'புயல்' என்று ஐந்து பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் நடைப் போட்டிக்காரர் என்றும், 'ரப்பர்' என்று ஒரு கோல்கீப்பரும் ஒரு சிரிப்பு நடிகரும் இருக்கிறார்கள் என்றும், 'பம்பரம்' என்று டிவியில் ஆடுகிற நடனப் பெண் ஒருத்தி, மேடையில் தட்டுச் சுழற்றும் வித்தைக்காரர் ஒருவர், கூடைப்பந்து ஆடும் பெண் ஒருத்தி ஆக மூன்று பேர் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த மூன்றாவது பெண் என் மகள் வயிற்றுப் பேத்தி. ஆகையால் விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் புதுப் பெயர் வைக்கப்போகிறோம், வாசகர்கள் கூப்பனை வெட்டி அனுப்புங்கள், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்திலிருந்து புதுப் பெயர்தான் என்றீர்கள். சரி, பேப்பர்காரர்களுக்கும் பொழுது போக வேண்டுமே என்று பொறுத்துக்கொண்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்தால், என் பேத்திக்கு 'மின்விசிறி' என்ற பெயர் நாற்பத்தோரு கூப்பனோடு முன்னால் போகிறதாம். அதில் நாற்பது ஒரே பேனாவால் எழுதியது போல் இருக்கிறது என்று நீங்களே வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேடிக்கையாக இல்லை. மின்விசிறி என்று ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிடலாமா? கரண்ட் போனால் அவள் என்ன செய்வாள்? நாற்பது கூப்பனை உட்கார்ந்து எழுதிய அந்த வேலைவெட்டி இல்லாத பிறவி யார் என்று கண்டுபிடித்து எனக்குத் தெரிவிக்கவும்.

பம்பரம் என்ற பெயர் தெருவில் கிடந்து எடுத்தது அல்ல. அது எங்கள் வீட்டுப் பெயர். அதற்கு முன் அது என் பெயர். நான் இருபது வயதில் கூடார சர்க்கஸில் இருந்தேன். இரண்டு தென்னை உயரத்தில் கயிற்றின் நுனியில் ஒரு தோல் கடிவாளம் இருக்கும், அதைப் பல்லால் கடித்துத் தொங்கிக்கொண்டு சுற்ற வேண்டும், இதுதான் என் உத்தியோகம். என் பற்கள் முப்பத்திரண்டும் இன்றுவரை என்னுடையவை, சந்தேகம் இருந்தால் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கூடாரத்தில் ஒரு சட்டம் இருந்தது. பட்டப்பெயரை வேடிக்கை பார்க்கிறவர்கள் வைக்கக்கூடாது, முதலாளி வைக்கக்கூடாது. பக்கத்தில் நின்று கயிறு பிடிக்கிறவர்கள்தான் வைக்க வேண்டும். போஸ்டரில் 'இரும்பு மலை' என்று போட்டிருந்த பயில்வானை நாங்கள் 'பஞ்சு' என்று கூப்பிடுவோம், ஏனென்றால் ஊர் மாறும்போதெல்லாம் அழுதுவிடுவார். கத்தி வீசுகிறவருக்கு 'அவசரம்' என்று பெயர், அது ஏன் என்று அவர் எதிரே பலகையில் நிற்கிற அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். எனக்கு முதல் நாள் கயிறு முறுக்கியவர் எந்தப் பக்கம் முறுக்கினோம் என்பதை மறந்துவிட்டு நிறுத்தத் தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்க, நான் பாட்டுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இறங்கியதும், "பம்பரமா இருந்தாக்கூட இந்நேரம் விழுந்திருக்கும்" என்று அந்த மனிதர் சொன்னார். அன்று வந்தது. கூடாரத்துக்குள் வைத்த பெயரே வெளியே போஸ்டரிலும் ஏறியது எனக்கு ஒருத்திக்குத்தான். ஒரு தகரத்தில் அந்தப் பெயரைச் சிவப்புச் சாயத்தில் எழுதி என் பெட்டிக்கு மேலே அடித்துக் கொடுத்தார்கள். ஆட்டத்தை விட்டுப் போகிறவர், எல்லோரையும் நிறுத்தி வைத்து, 'இந்தப் பெயரை இன்னாருக்கு விட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லித் தகரத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அப்படிச் சொல்லாமல் போனால் அந்தப் பெயரை வேறு யாரும் தொடக்கூடாது.

ஒரு ஊருக்குப் போனோம். மைதானத்தில் எங்கள் கூடாரம், பின்னால் கால்பந்துப் போட்டி, அடுத்த தெரு மண்டபத்தில் ஒரு நடனக் குழு, மூன்றுக்கும் போஸ்டர் ஒட்ட ஒரே மனிதர், ஒட்டுவதற்கு ஒரே சுவர், ரயில்வே கிடங்குச் சுவர். மூன்று போஸ்டரிலும் பம்பரம். நடனக் குழுவில் ஒரு அக்காவுக்கு அதுவே பெயர், கால்பந்துக் குழுவில் இடதுகாலால் ஆடும் ஒருவருக்கும் அதுவே பெயர். ஒட்டுகிறவருக்குப் பசை குறைவாக இருந்ததோ என்னவோ, ஒன்றின் மேல் ஒன்றைப் பாதிப் பாதி ஏற்றி ஒட்டிவிட்டார். படித்துப் பார்த்தால், பல்லால் கடித்துத் தொங்கும் பம்பரம் சலங்கை கட்டி இடதுகாலால் கோல் போடுவார் என்று வருகிறது. அன்று மாலை நான் மேலே தொங்கிக்கொண்டிருக்கிறேன், கீழே ஒரு கூட்டம் 'பந்து எங்கே' என்று கேட்கிறது. அடுத்த தெரு மண்டபத்தில் அந்த அக்காவை மேலே கொக்கியில் மாட்டச் சொல்லி ரகளையாம். மைதானத்தில் அந்த மனிதர் பந்தை வைத்துக்கொண்டு நிற்க, ஆடு ஆடு என்று கை தட்டினார்களாம். அவரும் பயந்துபோய்க் கொஞ்சம் ஆடினாராம்.

மறுநாள் காலை மூன்று பேரும் போஸ்டர்காரரைப் பிடிக்க அந்தச் சுவரடிக்கே வந்து சேர்ந்தோம். அந்த அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெடுநெடுவென்று உயரம், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், அது யாருக்கு என்று தெரியவில்லை. "யாருடி நீ? பத்து வருஷமா இந்தப் பேர்ல ஆடுறேன் நான்" என்றார். நான், "நீங்க தரையில ஆடுறீங்கக்கா. நான் தரையே இல்லாம ஆடுறேன்" என்றேன். அந்த வயதில் வாய் அப்படி. கால்பந்துக்காரர் மட்டும் ஓரமாக நின்று, "எனக்கு இந்தப் பேரே வேணாங்க. நான் சுத்துறதே எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாமத்தான்" என்றார். ஒரு மனிதர் தனக்குக் கிடைத்த பெருமையை இப்படிக் காலால் தள்ளிவிட்டு நிற்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அங்கேயே பிடித்துப் போய்விட்டது. அது வேறு கதை, அதன் பலன்தான் என் மகள்.

அக்காவும் நானும் விடவில்லை. அங்கேயே சுற்றிப் பார்த்துவிடுவது, நிற்கிறவள் தோற்றவள் என்று முடிவாயிற்று. போஸ்டர்காரர் பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். நான் எத்தனையோ பேர் சுற்றிப் பார்த்திருக்கிறேன், அந்த அக்கா சுற்றினதைப் போல் இல்லை. முகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, உடம்பு மட்டும் தண்ணீர்போல் ஓடுகிறது. நான் பார்த்துக்கொண்டே சுற்றியதில் எனக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது. முப்பத்தெட்டில் அவர் நின்றுவிட்டார். நான் அறுபது வரை போய்ப் பசை வாளியில் உட்கார்ந்தேன். தூக்கிவிட்டவர் கால்பந்துக்காரர். ஜெயித்தேன் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவருகிறேன், தங்களிடம் மறைக்கக்கூடாது. அக்கா குனிந்து என் பாவாடையில் ஒட்டிய பசையை வழிப்பதுபோல் காதோடு சொன்னார்: "முழங்கால் போயிடுச்சுடி எனக்கு. குழுவுல யாருக்கும் தெரியாது. ஜெயிச்சு வாங்குனேன்னே சொல்லிக்க. ஆனா நீ விடுற அன்னைக்கு வாயால சொல்லி ஒருத்தி கையில குடு. அனாதையா விட்டுட்டுப் போயிடாத." நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அப்புறம் இரண்டு மாதத்தில் கல்யாணம். என் வீட்டுக்காரர் கால்பந்தை விட்டுக் கடைசல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தார். மரக்கட்டை சுற்றிக்கொண்டே இருக்கும், அவர் பேசாமல் உளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டிலும் அதே கதைதான் என்பார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. என் பேத்தி நாலு வயதில் எங்கள் வீட்டு நடையில் தானாகச் சுற்றித் தண்ணீர்க் குடத்தை உடைத்தாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்று கூடைப்பந்தில் இரண்டு பேர் மறித்தால் ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பந்தோடு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். தாய்வழிப் பாட்டனும் பம்பரம், பாட்டியும் பம்பரம். இதற்கு மேல் என்ன வாரிசு வேண்டும்? தகரம் இன்னும் என் வீட்டில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஆதாரமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பேப்பரில் போட வேண்டாம். என்னால் அரங்கத்துப் படி ஏற முடியாது. அவள் ஆடி நான் ஒரு ஆட்டம் கூட நேரில் பார்த்ததில்லை. ரேடியோவில்தான் கேட்கிறேன். அவர்கள் தங்கள் பேப்பர் வைக்கும் பெயரைத்தான் சொல்லுகிறார்கள். 'பம்பரம் பந்தை எடுத்துவிட்டார்' என்று அந்த மனிதர் சொல்லும்போது, அங்கே ஒருத்தி ஓடுகிறாள், இங்கே நாற்காலியில் ஒருத்தி நிமிர்ந்து உட்காருகிறாள். அந்தப் பெயரை உரக்கச் சொல்ல இப்போது எனக்கு வேறு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவைத் திருப்பி 'மின்விசிறி' என்று கேட்டால் நான் யாரென்று நிமிர்ந்து உட்காருவது?

ஆகவே தாங்கள் தயவுசெய்து கூப்பனையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, என் பேத்தி பெயரைப் பழையபடி பம்பரம் என்றே போட வேண்டும். வேண்டுமானால் அந்த டிவிப் பெண்ணுக்கும் தட்டுக்காரருக்கும் மின்விசிறியைப் பாதிப் பாதியாகக் கொடுங்கள். தாங்கள் போடும் எழுத்து கோணாமல், அச்சு மை கையில் ஒட்டாமல், பிள்ளைகுட்டிகளோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அசல் பம்பரம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை அப்படியே விட்டுவிடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் என் பேத்தி பயிற்சி முடிந்து வந்து கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, என் பேனாவை எடுத்து மூடி போட்டு வைத்தாள். பிறகு, "பாட்டி, அந்த நாப்பது கூப்பனும் என் பேனாதான்" என்றாள். அவள் குழுப் பெண்கள் ஒரு வருடமாக அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். ஆட்டம் இறுகிப்போய் எல்லோரும் வியர்த்துத் திணறும்போது இவள் உள்ளே வந்தால்தான் மூச்சு வருகிறதாம். இது கயிறு பிடிக்கிறவர்கள் வைத்த பெயர். எங்கள் கூடாரச் சட்டப்படி இதற்கு மேல் அப்பீல் கிடையாது. மீதி ஒரு கூப்பன் யாருடையது என்று கேட்டேன். என் மகள் சமையலறையில் பாத்திரத்தை மிகவும் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தாள்.

அதோடு விடவில்லை அந்தப் பெண். "வாக்கைப் பத்திப் பிறகு எழுதறேன்னு எழுதியிருக்க, எழுதவே இல்லையே பாட்டி" என்றாள். அவளைப் படிக்க வைத்தது தப்பு. எழுதுகிறேன். சர்க்கஸ் அடுத்த ஊருக்குக் கிளம்பின காலையில் நான் லாரியில் ஏறவில்லை. தகரத்தை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு கால்பந்துக்காரரோடு பஸ் ஏறிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. எனவே சட்டப்படி இத்தனை வருடமும் அந்தப் பெயர் என்னிடமேதான் இருக்கிறது. நான் கொடுக்காததை நீங்கள் எப்படிப் பேத்திக்குக் கொடுத்தீர்கள், அவளிடமிருந்து எப்படிப் பிடுங்குகிறீர்கள்?

டிவியில் ஆடுகிற அந்தப் பெண்ணை நேற்று பார்த்தேன். முகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நடனக்காரியிடமிருந்து வந்தது நடனக்காரியிடமே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவளை என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லித் தகரத்தைக் கையில் கொடுக்கிறேன். நாற்பத்திரண்டாவது கூப்பன் இத்துடன் இருக்கிறது, மின்விசிறி என்று நானே எழுதியிருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணியிருக்கும், செல்லாது என்று சொல்லிவிட வேண்டாம். அந்தப் பெண் வரும்போது ஒரு ஆணி மட்டும் கொண்டுவர வேண்டும். தகரத்தின் பழைய ஆணியில் என் வீட்டுக்காரர் படம் மாட்டியிருக்கிறது, அதைக் கழற்ற முடியாது.