மறதிக்கார நாத்தனார்

"இது என் குடை."

"உலகத்துல குடைன்னா உன்கிட்ட மட்டும்தான்..."

"பிடியில சிவப்பு நூல் சுத்தினது யாரு? நான் சுத்தினது..."

"சிவப்பு நூல் சுத்தின குடை எத்தனையோ..."

"என்னைப் பேசி முடிக்க விடுங்க அண்ணி."

"நீ நிறுத்தினாத்தானே நான் ஆரம்பிக்க முடியும்."

கண்காட்சி திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் துணிக்கிழிசல், சாம்பல் வண்ணம், துருப்பிடித்த கம்பி. நடுவே இறக்கை விரித்த மாதிரி ஒரு கறுப்புக் குடை. ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த அண்ணன், இறங்குவதா வேண்டாமா என்று யோசித்து, மேலேயே நிற்பது நல்லது என்று முடிவு செய்தார்.

அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கையில் கிடைத்ததையெல்லாம் பலகையில் ஒட்டி, மேலே வண்ணம் பூசிப் படமாக்குவது அவள் வேலை. எதிரே இடுப்பில் கை வைத்து நின்றவள் நாத்தனார். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பா.

"ஏங்க, இறங்கி வந்து உங்க தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லுங்க."

"அண்ணே, நீ இறங்காதே. இறங்கினா அவங்க பக்கமாத்தான் இறங்குவே."

மூலை நாற்காலியில் நாத்தனாரின் கணவர், அதாவது அந்த வீட்டு மாப்பிள்ளை, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அது சண்டை தொடங்கியதிலிருந்து ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

நாத்தனார் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள்.

"மூக்குக் கண்ணாடி. நான் எங்கெங்க தேடினேன். இங்க சுவத்துல உக்காந்து என்னையே முறைக்குது. கீழே அட்டையில என்ன எழுதியிருக்கீங்க? 'எல்லாம் தெரிந்தவள்'. யாரு அது?"

"பொதுவா எழுதினது."

"சரி, இந்தச் செருப்பு? இதுக்குப் பேரு 'இன்னும் கிளம்பவில்லை'. அதுவும் பொதுவா?"

அண்ணன் அவசரமாக இறங்கினார். "பேருதானே பிரச்சினை? மாத்திட்டாப் போச்சு." அண்ணி தடுப்பதற்குள் இரண்டு அட்டைகளையும் பிரித்து இடம் மாற்றி ஒட்டிவிட்டார்.

நாத்தனார் செருப்பின் கீழே படித்தாள். "எல்லாம் தெரிந்தவள். அப்ப நான் செருப்பு."

"பாப்பா, நான் அப்படிச் சொல்லலையே."

"நீ எதுக்குச் சொல்லணும், அதான் எழுதியே ஒட்டிட்டியே."

அவள் செருப்பைப் பிடித்து இழுத்தாள். அண்ணி ஓடிவந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். "இழுக்காதே, பலகையோட பிஞ்சு வரும். கண்காட்சி முடியட்டும், என்ன வேணாலும் கேளு."

"இப்பவே கேக்குறேன்" என்றபோது கதவு திறந்து, முதல் பார்வையாளர்கள் உள்ளே வந்தார்கள்.

கூட்டத்தைப் பார்த்ததும் அண்ணி பலகையை விட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். எத்தனையோ வருடம் கழித்து வைக்கும் கண்காட்சி. போன தடவை போல இல்லாமல் இந்தத் தடவை ஆட்கள் வந்திருக்கிறார்கள். கூடத்தின் மேலாளர் வேறு, "ஒவ்வொரு படமும் எப்படித் தோணிச்சுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க, மேடம்" என்று முன்னால் தள்ளினார்.

அண்ணி குடையைக் காட்டினாள். "இது... எங்கப்பாவோட நினைவு. மழைன்னா குடையும் கையுமா எங்களைக் கூட்டிட்டு வர வருவாரு."

"உங்கப்பாவா?" என்றது பின்னாலிருந்து நாத்தனாரின் குரல். "மழை வந்தாக் கடை வாசல்ல ஒதுங்கி, பக்கத்துல நிக்கிறவர்கிட்ட ஊர்க்கதை பேசுற மனுஷன். அவர் குடை பிடிச்சு யார் பார்த்தா?"

சிலர் சிரித்தார்கள். அண்ணி அடுத்த படத்துக்குத் தாவினாள். "இது எனக்குப் படம் சொல்லிக்கொடுத்த டீச்சரோட கண்ணாடி."

நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பலகையோடு முகத்தை வைத்தாள். கண்ணாடியிலிருந்து வெளியே நீட்டியிருந்த வளைந்த இடது காம்பு அவள் காதில் போய் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. "டீச்சருக்கும் எனக்கும் ஒரே காது போலிருக்கு."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். தோளில் கேமரா மாட்டியிருந்த ஒரு பெண், "அப்ப அந்தச் செருப்பும் உங்களுதா? ஒத்தச் செருப்பை விட்டுட்டு எப்படிம்மா வீட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டாள்.

"வண்டியில போனேன். இப்ப அதுவா முக்கியம்?"

அண்ணி இனிமேல் பொய் சொல்ல இடமில்லை என்று கண்டுகொண்டாள். நெற்றியைத் துடைத்தாள்.

"எல்லாம் இவளுதுதான். முன்னாடி ஒரு தடவை இதே மாதிரிக் கண்காட்சி வெச்சேன். அன்னிக்கு நல்ல மழை. வந்தது இவளும் இந்தக் குடையும்தான். அதோட வண்ணத்தையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டேன். வருஷக்கணக்கா எடுக்கலை. அப்புறம் ஒரு நாள் இவ வந்து, எங்க வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்து, 'இது என்ன நிறம், யாரும் செத்துட்டாங்களா'ன்னா. வாய்க்கு வாய் பேசினோம். போனப்பக் குடையை மறந்துட்டுப் போயிட்டா. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பரண்ல ஏறினேன். பலகையை எடுத்தேன். ஒட்டினேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒட்டி முடிச்சப்பக் கோபம் இல்லை. படம்தான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு சண்டைக்கும் ஒண்ணு. அட்டையில எழுதினதெல்லாம் அந்தந்த நேரத்துக் கோபம்தான். ஆனா இவ வாசல்ல வந்து நிக்காத வாரம் எனக்கு வேலையே ஓடாது. வேற எந்தத் தூண்டுதலும் எனக்குத் தெரியலைங்க."

நாத்தனார் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஒரு திரைச்சீலைக்கா அவ்வளவு கோபம்?"

"செத்த வீடு மாதிரின்னு சொன்னியே."

"இருந்துச்சே."

"பாப்பா..." என்று அண்ணன் குறுக்கே வந்தார்.

"ஊரைக் கூட்டி வெச்சு என் மானத்தை வாங்கிட்டீங்க. இனிமே உங்க வீட்டு வாசப்படியை மிதிச்சா ஏன்னு கேளுங்க." சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனாள். அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

கேமராப் பெண் குடையைப் படமெடுத்தாள். மேலாளர் யாருக்கோ, "இதுதான், இந்தப் படம்தான்" என்று காட்டிக்கொண்டிருந்தார். அண்ணிக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. அவள் கதவையே பார்த்தாள். இனி எந்த வாரமும் அந்தக் கதவு வழியாகவோ வீட்டு வாசல் வழியாகவோ நாத்தனார் வரப்போவதில்லை. படம் போனால் போகட்டும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை எப்படிச் சகிப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி கண்ணில் பட்டது. அதன் மேல் நாத்தனாரின் கைக்கடிகாரம், வார் மடித்து, நடுவாக வைத்தபடி இருந்தது. அண்ணி அதைச் சட்டென்று கையில் எடுத்தாள்.

"அண்ணா, கூப்பிடுங்க அவளை. கோபத்துல இதையும் மறந்துட்டுப் போறா" என்றாள் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"மறக்கலை தங்கச்சி. காலையிலேருந்து என்னைப் போட்டு அரிச்சுட்டா, 'அடுத்த படத்துக்குக் கடிகாரத்தை விட்டுட்டு வந்தாப் போதுமா, இல்லை அண்ணிகிட்ட இன்னும் கொஞ்சம் பெரிய சண்டையாப் போடணுமா'ன்னு."