ஓபி அத்தையின் தை மாதத் தசரா

அரசு ஆஸ்பத்திரிகளை யார் கட்டினார்கள், யார் திறந்து வைத்தார்கள் என்பதெல்லாம் வாசல் கல்வெட்டில் இருக்கும். ஆனால் பேட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியை நடத்தியது ஓபி அத்தைதான். டாக்டர் உட்பட நாங்கள் எல்லோரும் அவருக்கு ஒத்தாசைக்கு இருந்தோம், அவ்வளவே.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு வெகுநாள் தெரியாது. வெளிநோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்கு எல்லா ஊரிலும் ஓபி என்றுதான் பெயர். அந்த ஜன்னல் திறப்பதற்கு முன்பே அதன் அடியில் வந்து உட்கார்ந்திருப்பதால் இவர் ஓபி அத்தை. வருஷக்கணக்காக அப்படித்தான். அறுபதைத் தாண்டிய வயது, கையில் ஒரு வயர் கூடை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற குரல். நோய் கிழமைக்கு ஒன்று. திங்கள் முழங்கால், செவ்வாய் கிறுகிறுப்பு, புதன் நெஞ்சுக்குள் ஏதோ ஊர்கிறது. வெள்ளிக்கிழமை நோய் கிடையாது. கோயிலுக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்ப்பது.

"வீட்டுல கெடந்தா சீரியல்தான் பாக்கணும். இங்கன வந்தா எல்லாம் நேர்லயே நடக்கு" என்பார்.

கொரோனா மூன்றாவது முறையாகச் சுற்றி வந்த குளிர்காலத்தில் நான் அங்கே ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். நான் பட்டம் வாங்கியபோது தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் தலை மட்டுமே ஓர் ஆள் உயரம் இருந்தது. அந்தத் தலையோடுதான் முதல் நாள் வேலைக்குப் போனேன்.

"ஏட்டி, நீ யாரு மவ?" என்றார் சீட்டு ஜன்னலடிப் படியில் உட்கார்ந்திருந்தவர்.

"நான் புது ஸ்டாஃப் நர்ஸ்."

"அது உடுப்பப் பாத்தாலே தெரியுது. யாரு மவன்னுலா கேட்டேன்."

சொன்னேன்.

"பீடி சுத்துத சண்முகத்தா மவளா? அவ விரல் மிஷினுலா." அப்படியே வரிசையின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தப் பிள்ள போட்டா ஊசி வலிக்காது. நான் பொறுப்பு."

நான்கு வருஷம் படித்த படிப்புக்கு அம்மாவின் பீடி விரல்தான் சான்றிதழ் என்றதும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அன்றைக்கு என் மேஜைக்கு முன்னால் நின்ற வரிசை கேட்டைத் தாண்டிப் போனதையும் மறைக்க முடியாது.

அந்த வருஷம் பனியும் காய்ச்சலும் சேர்ந்தே இறங்கின. தும்மாத வீடு கிடையாது. பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டருக்கே காய்ச்சல் வந்துவிட்டதால், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த எங்கள் இளம் டாக்டரை அரை நாள் இங்கே, அரை நாள் அங்கே என்று பிய்த்துப் போட்டிருந்தார்கள். என்னோடு இருந்த இன்னொரு நர்ஸுக்குத் தொற்று, வீட்டில் படுத்துவிட்டார். மிச்சம் நானும், மாத்திரை கொடுக்கிற பார்மசி அண்ணாச்சியும்தான். ஒவ்வொருவரிடமும் "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. விரலை ஆட்டியே வைத்தியம் நடந்தது.

கூட்டம் இடைவெளி விட்டு நிற்பதற்காக முற்றத்தில் வெள்ளை வட்டங்கள் போட்டிருந்தோம். நம் ஜனங்கள் அதை ஒரே நாளில் புரிந்துகொண்டார்கள். வட்டத்துக்குள் ஆளுக்கொரு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லோரும் வேப்பமரத்தடியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து கதை பேசினார்கள். செருப்புகள் அரசு விதிப்படி இடைவெளியோடு நின்றன. செருப்பு இல்லாத ஒருவர் தன் இடத்தில் ஒரு முழுக் கரும்பை நிறுத்தி வைத்திருந்தார்.

ஓபி அத்தை முற்றத்தின் நடுவில் வந்து நின்றார்.

"சிஸ்டரு, ஊசிய எடுத்துட்டு வெளிய வாட்டி. செருப்புக்குத்தான் காய்ச்சலாம். வரிசையா செருப்புக்கே போட்டு விட்டுருவோம். மொதல்ல அந்தக் கரும்புக்குப் போடு, அதுதான் ரொம்பத் தளந்து நிக்கி."

ஓடி வந்து அவரவர் வட்டத்தில் நின்றார்கள். முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டிருந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வே, தாடைக்கா கொரோனா?"

"மூச்சு முட்டுதுத்தா."

"இப்ப முட்டினா வீட்டுக்குப் போவீரு. பெறவு முட்டினா எங்க போவீரு? ஏத்திப் போடும்."

இடையில் காய்ச்சல் மாத்திரை தீர்ந்து, மறு லோடு வரவில்லை. அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துவிட்டார். அத்தை வீட்டுக்குப் போய் ஒரு பெரிய பிஸ்கட் தகர டப்பாவோடு வந்தார். திறந்தால் இத்தனை வருஷமாக நாங்கள் கொடுத்த மாத்திரைகள் அத்தனையும் அட்டை கலையாமல் இருந்தன.

"நீங்க முழுங்கவே இல்லியா?" அண்ணாச்சிக்கு அடைத்த தொண்டை திறந்தே விட்டது.

"குடுத்தீரு, வாங்கிக்கிட்டேன். வேண்டாம்னா மனசு வருத்தப்படுவீருலா."

அந்தக் கிழவியின் முழங்கால் வலிக்கு எத்தனை விதமான மாத்திரை மாற்றிப் பார்த்தேன் என்று அண்ணாச்சி நெடுநேரம் புலம்பினார். எல்லாம் காலாவதியான மாத்திரை என்று டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

தடுப்பூசி முகாம்களில்தான் அத்தையின் ராஜ்ஜியம் உச்சத்துக்குப் போகும். நாற்காலியில் உட்கார்ந்து, மேற்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நானே போட்டாச்சு, ஒங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்பார். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்திருந்த பெண்களைக்கூட வெளியே கொண்டுவந்துவிடுவார். அவருடைய தெருவே அவர் பேச்சை நம்பித்தான் ஊசி போட்டுக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாவதாக ஒரு முன்னெச்சரிக்கை ஊசி வந்தது. எங்கள் டாக்டருக்கு நன்றி உணர்ச்சி அதிகம். பொங்கல் முடிந்த கையோடு ஒருநாள், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"நம்ம ஆஸ்பத்திரியில முதல் ஊசி ஓபி அத்தைக்குத்தாங்க. சனிக்கிழமை முகாம்ல, எல்லார் முன்னாடியும்."

கூட்டம் கை தட்டியது. ஓபி அத்தையைக் காணவில்லை.

மறுநாள் வந்தார். சிவப்புச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மாலை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதம் இருக்கிறவர்களின் கோலம்.

"குலசை அம்மனுக்கு மாலை போட்டிருக்கேன் டாக்டரு. ஒடம்புல இரும்பு படக்கூடாது."

டாக்டர் வெளியூர்க்காரர். பயபக்தியோடு தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி விடவில்லை.

"தசரா முடிஞ்சு பொங்கலே போயாச்சு. இப்ப என்ன விரதம்?"

"அடுத்த தசராவுக்கு."

"அதுக்கு ஒம்பது மாசம் கெடக்கே."

"பிள்ளையே ஒம்பது மாசம் சொமக்கோம். விரதம் சொமக்க மாட்டமா வே?"

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரைக் கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அத்த, மொத ரெண்டு ஊசி எங்க போட்டிய?"

"கையிலதான்."

"எந்தக் கையில?"

"ஏட்டி, போலீஸ் மாதிரிக் கேக்க."

"அத்த."

"போடல."

"ஒண்ணுகூடவா?"

"பஞ்சு மட்டும் வச்சுக்கிட்டேன்."

இத்தனை வருஷம் ஒருநாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஊசி அறைக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லையாம். ஊசி என்று டாக்டர் எழுதிய நாளில் எல்லாம் நோய் அங்கேயே குணமாகிவிடும்.

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல. பழக்கமில்ல."

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரம் இல்லை. அத்தைக்கு எதிர்வீட்டுப் பெரியவர் அப்போது பெரியாஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடந்தார். காலையிலிருந்து மாலை வரை அந்தக் காய்ச்சல் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறவர் அத்தை.

"ஒங்களுக்கு ஒண்ணு வந்துட்டா அங்க படுக்கைக்கே காத்துக் கெடக்கணும் அத்த. எனக்கு அதை நெனைச்சாலே பகீருங்கு."

கூடையின் பிடியைத் திருகிக்கொண்டே குரலைத் தணித்தார். அவர் மெல்லப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போட்டுக்கிடுதேன்னே வையி. எனக்கு இதுதான் மொத ஊசின்னு தெருவுக்குத் தெரிஞ்சா, பெறவு ஒருத்தியாவது என் பேச்சக் கேட்டு வருவாளா? ஏமாத்திட்டான்னு கதவச் சாத்திருவாளுவல்லா."

அதுதான் அந்தச் சிவப்புச் சேலையின் காரணம். டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு வழி சொன்னார். பதிவு என்னவோ முதல் ஊசி என்றுதான் முறைப்படி இருக்கும். ஆனால் அதை மேடையில் நின்று அறிவிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஊர் பார்க்கட்டும், ஊர் நினைக்கிறதை நினைத்துக்கொள்ளட்டும்.

"விரதம்?" என்று கேட்டேன் அத்தையிடம்.

"அம்மன்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

சனிக்கிழமை தெருவே திரண்டு வந்தது. அத்தை முதல் நாற்காலியில் வந்து அமர்ந்தார். வாய் மட்டும் ஓயவில்லை. "நல்லாப் பாத்துக்கிடுங்க. இப்பிடி நேரா உக்காரணும். கைய இப்பிடி மடக்கணும். சவத்த, அங்கன என்ன பேச்சு?" என்று முழங்கிக்கொண்டே, மறு கையால் என் வெள்ளைக் கோட்டைக் கொத்தாகப் பிடித்திருந்தார். நான் பைய ஊசியை இறக்கினேன். பேச்சு பாதியில் நின்றது.

"எப்பட்டி போடுவ?" காதோடு காதாகக் கேட்டார்.

"போட்டாச்சு அத்த."

"போட்டாச்சா?"

சொல்லி முடிக்கவில்லை. நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் சாய்ந்துவிட்டார்.

கூட்டம் திகைத்து நின்றது. கதவுப் பக்கம் இரண்டு பேர் பையச் செருப்பை மாட்டினார்கள். நாடியைப் பிடித்தேன், ஒழுங்காக ஓடியது. பயத்தில் வந்த வெறும் மயக்கம். ஆனால் அதை இந்தக் கூட்டத்திடம் எப்படிச் சொல்வது? அதற்குள் தரையிலிருந்து, கண் திறக்காமலே, அந்தக் குரல் கிளம்பியது.

"என்ன பாக்கிய? ஊசி போட்ட பெறவு அரை மணி நேரம் எப்பிடிப் படுக்கணும்னுலா காட்டுதேன். காலை நல்லா நீட்டணும். பேசக்கூடாது."

"நல்லவேள அத்தை காட்டித் தந்தா" என்றார் ஒரு பெண். செருப்பை மாட்டியவர்கள் திரும்பக் கழற்றினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அடுத்தவர் ஊசி போட்டுக்கொண்டு போய் அத்தைக்குப் பக்கத்தில் இடைவெளி விட்டுப் படுத்தார். அதற்கடுத்தவர் அவருக்குப் பக்கத்தில். சிலர் முந்தானையை விரித்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் கூடம் நிறைந்து, வராந்தாவிலும் வரிசை வரிசையாக ஜனம் மல்லாந்து கிடந்தது. இரண்டு பேர் குறட்டையே விட்டார்கள்.

டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இது எந்த சர்க்குலர்ல வந்துச்சுங்க?"

முகாமைப் பார்வையிட வந்த அதிகாரி கேட்டிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டார்.

"என்னய்யா இது? எத்தனை பேர் விழுந்துட்டாங்க?"

"ஒருத்தர்கூட விழல சார்," அண்ணாச்சி ஓடிப்போய்ச் சொன்னார். "அம்புட்டு பேரும் படுத்திருக்காங்க."

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார். எங்கள் முகாமில் அதுவரை அத்தனை பேர் ஊசி போட்டுக்கொண்டது கிடையாது.

அலை ஓய்ந்தது. எதிர்வீட்டுப் பெரியவரும் மெலிந்துபோய் வீடு திரும்பினார். பேட்டையில் என் ஒப்பந்தம் முடிந்தது. கூடங்குளம் பக்கம் ஒரு கடற்கரை ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்து நான் போய்விட்டேன். அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. காற்றாலைகள் சுற்றுகிற சத்தமும் கடலும்தான் துணை.

கோடை ஆரம்பித்த ஒரு காலையில் சீட்டு ஜன்னல் பக்கம் பெரிய சத்தம். போய்ப் பார்த்தால், வயர் கூடையோடு ஓபி அத்தை.

"ரெண்டாவது ஊசிக்கு நாள் வந்துட்டுல்லா," என்றார். "அங்கன போட்டா தெருவுக்குத் தெரிஞ்சிரும். அதான் பஸ் மாறி வந்தேன்."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போட்டுக்கொண்டார். மயங்கவில்லை. அரை மணி நேரம் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கள் கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்கன வரிசையே சரியில்லையேட்டி. நீ ஒத்தையில என்னத்தப் பாப்ப?" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

கடைசி பஸ்ஸின் நேரம் எனக்குத் தெரியும். நான் அவரிடம் சொல்லவில்லை.