ஒன்பது அறைக்கு ஒரு பச்சை விளக்கு

மூன்றாவது அறை வாசலிலும் பச்சை விளக்கு, ஏழாவது அறை வாசலிலும் பச்சை விளக்கு. போர்மேன் உக்கிரபாண்டிக்கு ஊற்றிய வேர்வையில் ஆனைக்குட்டம் அணை மறுகால் பாய்ந்திருக்கும்.

அந்தப் பட்டாசுக் கம்பெனியில் ஒன்பது அறைகள்; ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு விளக்கு, அதை இயக்க ஒரு பெட்டி. விளக்கு எரிகிற அறைக்காரர் மட்டுமே மருந்து எடுக்கப் போக வேண்டும்; அவர் திரும்பியதும் விளக்கு அடுத்த அறைக்குத் தாவும். மருந்து நாளைக்குத்தான் வருகிறது. இன்று வெறும் வெள்ளோட்டம்.

"மூணு மணிக்கு வருவேன். ஒத்த விளக்குத்தேன் எரியணும். இல்லேன்னா போர்மேன் வேலைய விட்டுட்டு வாட்ச்மேனா கேட்டுல போயி நில்லும்யா" என்று முதலாளி சண்முகவேல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பெட்டி ஒவ்வொண்ணும் பக்கத்துப் பெட்டியப் பாத்து தன்னைத்தானே திருத்திக்கிடும்னு, விளக்கு மாட்டுன இஞ்சினியர் தஹ்மீனா சொல்லுச்சே அண்ணாச்சி" என்றாள் ஏழாவது அறைத் தங்கத்தாய்.

"இருவத்தெட்டு வருசமா நான் திருத்தாம இங்கன எது திருந்தியிருக்கு?"

ஏழாம் பெட்டியை அணைத்துப் போட்டார். நாலு விளக்கு எரிந்தது.

இரண்டாம் பெட்டியின் தலையில் ஒரு குட்டு வைத்தார். ஆறு.

ஐந்தாம் பெட்டியின் பொத்தான்களை ஆர்மோனியம் மாதிரி வாசித்தார். ஒன்பதும் எரிந்தன! பச்சை வெளிச்சம் எம். புதுப்பட்டி வரை பரவ, அங்கே மேய்ந்த மாடுகள் புல்லென்று நம்பி இந்தப் பக்கம் நடையைக் கட்டின.

"கோயில் கொடை கணக்கா இருக்கு அண்ணாச்சி. மேளந்தேன் இல்ல."

"சிரிக்காத தாயி, எம் பொழப்பு போகுது!"

மணி இரண்டரை. இனி செய்ய ஒன்றுமில்லை. இப்போதே பழகிக்கொள்வோம் என்று கேட்டுக்குப் போய் விறைப்பாக நின்றார்.

கொஞ்ச நேரத்தில் தங்கத்தாய் கத்தினாள். "அண்ணாச்சி! ஏழுதேன் எரியுது... நாலு... ஏ ஆத்தா, ஒண்ணு!"

மூன்று மணிக்கு முதலாளியும் தஹ்மீனாவும் வந்தபோது, ஒரே விளக்கு அறை அறையாகச் சமர்த்தாகத் தாவிக்கொண்டிருந்தது. உக்கிரபாண்டியின் மீசை தானாக மேலேறியது.

"காலையிலருந்து ஒரு பெட்டி விடாம நான்தேன் கை வச்சேன் மொதலாளி."

தஹ்மீனா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றிண்ணே. எம்புட்டுக் கெடுத்தாலும் தானா சரியாகுதான்னு சோதிக்க, நல்லாக் கெடுக்கத் தெரிஞ்ச ஆளா ஒருத்தர் வேணும்னு கேட்டேன். மொதலாளி யோசிக்கவே இல்ல, டக்குனு உங்க பேரைச் சொன்னாக."