ரேகை அப்டேட்

அப்டேட் என்கிற சொல்லுக்குப் புளியங்குடியில் பல உபயோகங்கள் உண்டு. செல்போன் சூடானால் அப்டேட். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் வாய் திறக்காவிட்டால், ஒரு அப்டேட்டும் இல்லை. மகள் ஜாக்கெட் கையை முழங்கை வரை இறக்கித் தைத்தால் அதுவும் அப்டேட். ஏன் என்று கேட்கிற தாய்தான் அப்டேட் ஆகாதவள். அந்த வகையில் மங்களேஸ்வரி இத்தனை வருஷமும் அப்டேட் ஆகாமலேயே சோறு பொங்கிவந்தாள்.

பொங்கியது ரேஷன் அரிசி. வினை அங்கேதான் வந்தது.

எலுமிச்சை மண்டியில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவள் அவள். சாறு பட்டுப் பட்டுக் கைரேகை தேய்ந்துபோயிற்று. ரேஷன் கடை மெஷின் அவளுடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாக விசாரித்து, இவள் அவள் இல்லை என்று தீர்மானித்தது. இருபது வருஷமாக அவளை அறிந்த கடைக்காரர் குமரகுருவும் மெஷின் கட்சியிலேயே சேர்ந்தார்.

"நீங்கதான்னு எனக்குத் தெரியுதுக்கா. மெஷினுக்குத் தெரியலையே. தென்காசி ஆபீசுக்குப் போயி ரேகையை அப்டேட் பண்ணிட்டு வாங்க."

ரேகையை அப்டேட் செய்ய ரேகை வேண்டும் என்றார்கள் தென்காசியில். ஆகவே பத்து நாள் மண்டிக்குப் போகாமல் இருந்து, ரேகை வளர்த்துக்கொண்டு வருமாறு மேற்படி அலுவலகம் அவளைக் கேட்டுக்கொண்டது.

வளர்த்தாள். பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய அரிசியில் கஞ்சி காய்ச்சினாள். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் ரேகை சீக்கிரம் விளையும் என்று சொல்லி, பக்கத்து வீட்டு முத்துவடிவு அவளைக் குற்றாலத்து ஐந்தருவிக்கும் இழுத்துக்கொண்டு போனாள்.

பதினோராம் நாள் தென்காசி அலுவலகத்தில் ரேகை பளிச்சென்று விழுந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நிவேதா, அப்படியே மற்ற விவரங்களையும் அப்டேட் செய்துவிடலாம் என்றாள்.

"என்ன வேலைக்கா பாக்கிய?"

"இப்ப வேலைக்குப் போகலம்மா. சும்மாதான் இருக்கேன்."

"சும்மா இருந்து என்ன செய்திய?"

"நேத்து குத்தாலத்துல குளிச்சேன்."

மங்களேஸ்வரிக்குப் பொய் சொல்ல வராது. நிவேதாவுக்கும் சொன்னதை மாற்றித் தட்டத் தெரியாது. வேலைக்குப் போக அவசியமில்லாதவர், சுற்றுலா செல்பவர் என்று பதிவாயிற்று. இப்பேர்ப்பட்டவருக்கு இலவச அரிசி எதற்கு என்று கம்ப்யூட்டரும் நியாயமாக யோசித்து, அவளுடைய கார்டைச் சீனி கார்டாக மாற்றியது.

மறுநாள் ரேஷன் கடையில் விரலை வைத்ததும் மெஷின் அவளை ஏற்றுக்கொண்டது. குமரகுரு திரையைப் படித்துவிட்டு மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார்.

"பாத்தியளாக்கா. போன தடவை முக்கா மணி நேரம் நின்னிய. இனிமே எப்ப வந்தாலும், உங்களுக்கு அரிசி கிடையாதுன்னு ஒரு நொடியில சொல்லிரும்."

வரிசையில் ரேகை தேய்ந்த விரல்களோடு நின்ற மண்டிப் பெண்கள், தென்காசியில் எத்தனை மணிக்கு டோக்கன் கொடுப்பார்கள் என்று அவளைச் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள்.