விசில் கட்டத்தில் பூஜ்யம்

சனிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கே கேசரி தீர்ந்துபோனது.

"ஏங்க, இன்னும் பதினாறு பேர் உட்கார்ந்திருக்காங்க. அத்தனை பேரும் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க. கேசரிக்கு நான் எங்க போவேன்?" சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டாள் பிரபாவதி.

கல்லாவில் இருந்த தாமோதரன் நிமிரவில்லை. அடிக்கோல் வைத்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சட்டி கிண்டு பிரபா. இதுக்குத்தானே இத்தனை பாடு."

"இது மீன் சாப்பாட்டுக் கடையா, கேசரிக் கடையா?"

"நாப்பத்தி மூணு," என்றார் அவர், கோட்டுக்கு மேல் எழுதிய எண்ணை விரலால் தொட்டு. "இன்னைக்கு மட்டும் நாப்பத்தி மூணு."

முப்பத்திரண்டு வருஷம் கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் போல்ட்டையும் நட்டையும் எண்ணி எழுதியவர் தாமோதரன். ஓய்வு பெற்ற கையோடு, கடப்பாக்கத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'பிரபா மீன் சாப்பாடு' என்று போர்டு மாட்டினார். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேர் வாங்கிய குழம்பு பிரபாவதியுடையது. சித்திரை வரை பார்ப்பது, ஓடவில்லை என்றால் மூடிவிட்டுப் பெங்களூரில் மகன் ரோஹித்தோடு போய் இருப்பது என்று பேச்சு. ரோஹித்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வஞ்சிரத் துண்டை வறுத்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணியடிப்பார். அதை நினைத்தாலே பிரபாவதிக்கு மூச்சு முட்டும்.

ரோஹித்தான் போனில் யோசனை சொன்னான். அது இரண்டாயிரத்தெட்டு.

"அப்பா, இன்டர்நெட்ல ஆர்குட்னு ஒண்ணு இருக்கு, ஆளுங்க கூடிப் பேசற இடம். அதுல நம்ம கடை பேர்ல ஒரு கம்யூனிட்டி ஆரம்பிங்க. வாரக் கடைசியில பாண்டிச்சேரி போற ஐடி பசங்க எல்லாம் அதுலதான் கெடக்காங்க. ஆனா ஒண்ணு, அளந்து பாக்கணும். எது மூலமா எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரியாம விளம்பரம் செய்யறது வேஸ்ட்."

அளந்து பார்ப்பது என்ற சொல் தாமோதரனுக்குத் தேனாக இனித்தது. அன்றே நோட்டு வாங்கி நான்கு கட்டம் போட்டார். ஆர்குட், போர்டு, விசில், மற்றவை. உட்காருபவரிடம் எதைப் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு, அவர் சொன்ன கட்டத்தில் கணக்கு எழுதுவார்.

விசில் என்பது சின்னையன். கடைக்கு முன்னால் வெயிலில் நின்று, வருகிற கார்களைப் பார்த்து விசில் ஊதி, பச்சைத் துண்டை ஆட்டி, கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ச் சாப்பாட்டு ஜாடை காட்டுவது அவன் வேலை. கார் ஒதுங்கினால் ஓடிப்போய்க் கண்ணாடிப் பக்கம் குனிந்து இரண்டு வார்த்தை பேசி, வேப்பமர நிழலில் நிறுத்தச் சொல்வான்.

தினமும் காலையில் தாமோதரன் செய்யூர் பிரவுசிங் சென்டருக்கு மொபெட்டில் போய், அன்றைக்கு என்ன மீன் என்று ஆர்குட்டில் எழுதிவிட்டு வந்தார். முதல் வாரம் விசில் கட்டத்தில் முப்பத்தெட்டு. ஆர்குட் கட்டத்தில் பூஜ்யம்.

அப்போதுதான் கேசரித் திட்டம் பிறந்தது. உட்கார்ந்ததும் 'ஆர்குட்' என்று சொல்பவருக்கு ஒரு கிண்ணம் கேசரி இலவசம். அறிவிப்பு ஆர்குட்டில் மட்டும். கடையில் ஒரு துண்டுத்தாள்கூட ஒட்டவில்லை. ஒட்டினால் அளவு கெட்டுவிடும் அல்லவா?

மூன்று நாள் கேசரி சட்டியோடு காய்ந்தது. புதன்கிழமை சாயங்காலம் டீ டம்ளரோடு வந்த சின்னையன், "இன்னா சார், மூஞ்சி டல்லா கீது?" என்றான்.

"ஆர்குட்னு ஒருத்தர்கூட சொல்லல சின்னையா. சொன்னா கேசரி ஓசின்னு எழுதியும் யாரும் வரல."

"அவ்ளோதானா? வருவாங்க சார். இதுக்குப் போயி பேஜாராயிகினு."

வியாழக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு. மாதம் முடிவதற்குள் நாற்பத்து மூன்று. விசில் கட்டம் படிப்படியாக இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்துகொண்டது.

பிரபாவதிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "உங்க கம்யூனிட்டியில எத்தனை பேர்?"

"பதினொண்ணு."

"அதுல ஏழு பேர் ரோஹித்தோட படிச்சவங்க. மூணு பேர் அமெரிக்காவுல. மீதி ஒருத்தர் நீங்க. அப்புறம் நாப்பத்தி மூணு பேர் எங்கிருந்துங்க வராங்க?"

"ஒருத்தர் பார்த்துப் பத்து பேருக்குச் சொல்வாங்க. அதான் இதோட மகிமையே."

கேசரி போதாமல் போவதுதான் இப்போது தலைவலி. அடுப்படிக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்றாள் பிரபாவதி. தாமோதரன் நோட்டைப் புரட்டினார். எங்கே ஓர் ஆள் உபரி என்று நோட்டே காட்டியது. ரோஹித்தும் போனில், "நோட்டுல பூஜ்யம்னா யோசிக்கவே வேணாம்பா" என்றான்.

"சின்னையனை அடுப்படிக்கு மாத்துங்களேன்," என்றாள் பிரபாவதி.

"வெயில்ல நின்னு பழகின ஆளு. கேசரி கிண்டத் தெரியுமா?"

அன்று சாயங்காலம் சின்னையனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணுமில்ல சின்னையா. நோட்டுல வரல. நீயே பாரு, ரெண்டு வாரமா உன் கட்டத்துல பூஜ்யம்."

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சின்னையன் நோட்டைக் குனிந்து பார்த்தான். வரிசையாக வட்டம் வட்டமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு தாமோதரனின் முகத்தைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் அந்த முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

"கேசரி நல்லாப் போவுது இல்ல சார்?"

"ரொம்ப நல்லாப் போகுது."

"அது போதும் சார்," என்று பச்சைத் துண்டை மடித்துக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனான். விசில் அவனுடைய சொந்த விசில், அதை வைக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைப் பிற்பாடு தாமோதரன் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார். என்ன சொல்ல வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு சட்டி கேசரி தயாராக இருந்தது. மூன்று பேர் வந்தார்கள். மூவரும் போர்டைப் பார்த்து வந்தவர்கள். ஆர்குட்டா, அது என்ன மீன் என்று ஒருவர் கேட்டார்.

கார்கள் பாண்டிச்சேரி பக்கம் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

தாமோதரன் கேசரியை எடுத்துவிட்டு வறுத்த மீன் இலவசம் என்று எழுதினார். எழுத்து போதவில்லை, போட்டோ போடுங்கள் என்றான் ரோஹித். போட்டோ ஏறுவதற்கு நேரமாகும். ஆகவே மதியத்தையும் பிரவுசிங் சென்டரிலேயே கழித்தார். கடைக்கு வந்த ஓரிரண்டு பேரும், கல்லாவில் ஆளில்லாத கடையில் என்ன சாப்பிடுவது என்று போய்விட்டார்கள். கம்யூனிட்டியில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். அவர் கனடாவில் இருந்தார்.

பங்குனி பாதியில் பிரபாவதி அம்மியைத் துணியில் சுற்றினாள். "பெங்களூர்ல கருவாடாவது வச்சிக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பாத்திரங்களை விற்றதில் கேசரிக்கென்று வாங்கிய அண்டா மட்டும் மிஞ்சியது. மரக்காணத்துக்கு இப்பால் ஒரு ஓட்டலில் அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தாமோதரன் பஸ்ஸை விட்டு அண்டாவோடு இறங்கினார். ஓட்டலுக்கு முன்னால் இடம் போதாமல் கார்கள் வரிசை கட்டி நின்றன. விசில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்.

நீலச் சட்டையில் சின்னையன் ஒரு காரின் கண்ணாடிப் பக்கம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். கார் உள்ளே போனது. இவரைக் கண்டதும் ஓடி வந்து அண்டாவை வாங்கிக்கொண்டான்.

"இன்னா சார், நம்ம கேசரி அண்டாவத் தூக்கிகினு வந்துட்டீங்க?"

"மூடிட்டோம் சின்னையா. நாளைக்கு பெங்களூர் வண்டி."

சின்னையன் அண்டாவைத் தரையில் வைத்தான். தாமோதரன் வரிசை கட்டிய கார்களைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும். குனிஞ்சு குனிஞ்சு என்னதான் சொல்லுவ அவங்ககிட்ட?"

"இங்கயா சார்? மோர் ஓசின்னு சொல்லுவேன். ஒங்க கடையில இருக்க சொல்ல, நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு குந்தினு இருந்தீங்களேன்னு, உள்ள போனதும் ஆர்குட்டுன்னு சொல்லுங்க, கேசரி ஓசின்னு ஒவ்வொரு காராண்டயும் சொல்லி அனுப்புவேன். ஆமா, அந்த ஆர்குட்டுன்றது இன்னா சார்?"