முள்ளு அசையாவிட்டால் சிரிக்கும் சைபர் அண்ணை

என் கையெழுத்து, கோழி கிளறிய முற்றம் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் மட்டுமல்ல, உலகத்திலேயே மீற்றரின் முள்ளு அசையாமல் நின்றால் துள்ளிக் குதிக்கிற மனிதர் ஒருவர்தான். சைபர் அண்ணை. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். என் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், வள்ளங்களுக்கும் ஓட்டோக்களுக்கும் பற்றரி சார்ஜ் செய்யும் கடை அவருடையது. அங்கே சாமிப்படம் இருக்கவேண்டிய தட்டில் பழைய வோல்ட்மீற்றர் ஒன்று இருக்கிறது. கப்பல் சாமான் ஏலத்தில் எடுத்தது. தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

பற்றரி கொண்டுவருகிறவர் முதலில் அரை மணித்தியாலம் கதிரையில் உட்கார்ந்திருக்கவேண்டும். மீற்றர் சூடாகவேண்டுமாம். பிறகு அண்ணை குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகுவார். முள்ளு நடுவில், பூச்சியத்தில், வந்து நின்றதும் "சைபர்!" என்று கத்துவார். சல்லி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு வள்ளக்காரச் சம்மாட்டி, புதுப் பற்றரி செத்துவிட்டதென்று தலையில் கை வைத்துவிட்டார்.

"பயப்படாதேங்கோ. இது கயிறிழுப்பு. அங்காலை உங்கட பற்றரி இழுக்குது. இஞ்சாலை மீற்றர் தன்ர மின்சாரத்தாலை இழுக்குது. ரெண்டும் சமமெண்டால் கயித்துக்கு நடுவிலை கட்டின லேஞ்சித்துணி அசையாது. இஞ்சாலை எவ்வளவு குடுத்தனான் எண்டு குமிழிலை இருக்கு. அதுதான் உங்கட வோல்ட்."

"மற்ற மீற்றர் உடனை காட்டுதே?"

"அது நுளம்பு. ரத்தம் குடிக்கிற மாதிரிக் கொஞ்சம் குடிச்சுப் பார்த்துத்தான் சொல்லும். இது சைபரிலை நிக்கேக்கை உங்கட பற்றரியிலை ஒரு சொட்டும் குடியாது."

"அண்ணை, நான் மீன் பிடிக்கப் போகவேணும். நீங்கள் பற்றரிக்குச் சாதகம் பார்க்கிறியள்!"

ஒருமுறை காய்ச்சலென்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தெர்மாமீற்றரை வாயில் வைக்க விடவில்லை. "அது என்ர சூட்டைக் குடிச்சிட்டுப் பிழையாச் சொல்லும், தங்கச்சி" என்று தாதிக்கு விளக்கம் சொன்னார். தாதி ஊசியை எடுத்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

போன வருடம் மீற்றர் படுத்துவிட்டது. முள்ளு கள்ளுக் குடித்தது போல ஆடியது. உள்ளே இரண்டு சின்ன நியோன் பல்புகள். ஒன்று கறுத்துக் கிடந்தது. கயிறிழுப்பில் மிஞ்சும் வித்தியாசம் மிகவும் சின்னதாம். அப்படியே பெருக்கினால் நிலை தடுமாறுமாம். அதனால் துண்டு துண்டாக வெட்டிப் பெருக்கவேண்டுமாம். வெட்டுகிற கத்தி வெளிச்சம். மீற்றருக்குள் மூடி போட்ட ஒரு இருட்டறையில் இரண்டு பல்பும் மாறி மாறிக் கண் சிமிட்டும். அங்கே இருக்கிற ஒளிக்கண்ணில் வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழி திறக்கும், படாவிட்டால் அடைபடும்.

"இது சரிவராட்டி நான் கட்டைபறிச்சான் ஊரிலை இருக்கிற தங்கச்சி வீட்டை போறன்" என்றார் அண்ணை. "நுளம்பை நம்பித் தொழில் செய்ய ஏலாது." சொன்னதோடு நிற்கவில்லை, பையையும் கட்டிவிட்டார்.

ஒரு நாளில் நான் கதைக்கிற கதை முழுவதும் அவரோடுதான். கூச்சத்தை விட்டு வீடு வீடாகப் போய், "நியோன் பல்பு இருக்குதோ?" என்று கேட்டேன். ஓட்டோக்காரர்கள் டெஸ்டரை உடைத்துக் கொடுத்தார்கள். சிலர் சுவிட்சைக் கழற்றினார்கள். கொண்டுவந்து பொருத்தி, மீற்றரின் மூடியைத் திறந்து வைத்தால் எல்லாப் பல்பும் எரியும். மூடினால் அணைந்துவிடும், முள்ளு மறுபடி ஆடும்.

"சில நியோனுக்கு இருட்டெண்டால் பயம்" என்றார் அண்ணை.

"உவர் போனால் றோட்டுக்கு நிம்மதி" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த முன்வீட்டு மரியா அக்கா விறுவிறுவென்று வந்தார். கையில் உடுப்புத் தேய்க்கிற புது அயன். "இதிலை இருக்கிற பல்பைக் கழட்டுங்கோ. இதுவும் பயந்துதெண்டால் உங்களைத்தான் உள்ளுக்கை வைச்சு மூடுவன்!"

அண்ணை ஈயம் வைத்து ஒட்டி, மூடியைப் பூட்டினார். மீற்றர் சூடாகும்வரை அக்காவின் அப்பத்தைத் தின்றோம். பிறகு அண்ணை குமிழைத் திருகினார். முள்ளு ஆடியது, அடங்கியது, நடுவில் நின்றது.

"நிண்டிட்டுதெல்லே?" என்றார் அக்கா. "இனிப் பையை அவிழுங்கோ."

அவிழ்த்தார். உள்ளே அவர் உடுக்கிற இரண்டு சாரமும், மீற்றருக்குப் போர்த்தும் துணியும்.

இப்போது அக்காவின் அயன் சூடானதா என்று பார்க்க விளக்கில்லை. தொட்டுப் பார்த்துக் கத்துவார். பிறகு அண்ணையின் பரம்பரைக்கே ஏச்சு விழும். அண்ணை கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். நானும் என் கடைக்குள்ளிருந்து சிரிப்பேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் காலை விடிந்தது போல இருக்கும்.

எழுதி முடித்தது: ஆவணி மாதத்து ஞாயிறு, பின்னேரம்.