கடன் சங்கம் சுவருக்கு வர்ணம் பூசிய வரலாறு

மனித குலத்தின் நன்மைக்காகத் தன் அலுவலக நேரத்தையே தியாகம் செய்த நிறுவனம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கம். இதை நான் அதன் செயலாளர் என்ற முறையில் சொல்லவில்லை. நடுநிலையாளன் என்ற முறையில் சொல்கிறேன். செயலாளர் என்ற முறையில் சொல்வதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொல்லியிருப்பேன்.

முன்பெல்லாம் நாங்களும் மற்றச் சங்கங்களைப் போலத்தான் இருந்தோம். உறுப்பினர்கள் வருவார்கள், சேமிப்பைக் கட்டுவார்கள், கடன் கேட்பார்கள், நாங்கள் கொடுப்போம். எந்த லட்சியமும் இல்லாத வாழ்க்கை. அந்த நிலையில்தான் எங்கள் தலைவர் வெளியூர் மாநாடு ஒன்றுக்குப் போய், திரும்பி வரும்போது ஒரு பயிற்சியாளரைக் கையோடு அழைத்து வந்தார். மனிதர் வேகாத வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. அதிலேயே எங்களுக்கு மரியாதை வந்துவிட்டது.

"நீங்கல்லாம் யாரு?" என்று கேட்டார்.

"கடன் சங்க ஊழியர்கள்" என்றோம்.

"அந்த வார்த்தைய இனிமே சொல்லாதீங்க. நீங்க கடன் சங்கப் 'புரொஃபஷனல்ஸ்'."

அன்றிலிருந்து சம்பளத்தைத் தவிர எங்களுக்கு எல்லாம் மாறிவிட்டது. புரொஃபஷனல் என்பவர் நெட்வொர்க்கிங் செய்ய வேண்டும், மென்டரிங் செய்ய வேண்டும், வாலன்டியரிங் செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் பலகையில் எழுதிப் போட்டார். கவுண்டரில் உட்கார்வது அதில் இல்லை என்பதை முதலில் கவனித்தவர் காசாளர். அவருடைய முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் நெட்வொர்க்கிங் மாலை எங்கள் சங்கத்து மாடியிலேயே நடந்தது. அக்கம்பக்கத்துக் கடன் சங்கங்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பியிருந்தோம். அதே மாலையில் அவர்களும் ஆளுக்கொரு நெட்வொர்க்கிங் மாலை வைத்திருந்ததால் ஒருவரும் வரவில்லை. மனம் தளராமல் எங்களுக்குள்ளேயே நடத்தினோம். மணி அடித்ததும் அறிமுகமில்லாத ஒருவரிடம் போய் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்பது விதி. எனக்கு எதிர் மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் காசாளர் வந்து என் கையைக் குலுக்கினார்.

"வணக்கம். நீங்க எந்தத் துறையில இருக்கீங்க?"

"கடன் சங்கத்துல செயலாளர். நீங்க?"

"நானும் கடன் சங்கம்தான். காசாளர்."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். கார்டு வச்சிருக்கீங்களா?"

கொடுத்தார். அதில் அச்சடித்திருந்த தொலைபேசி எண் என் மேசையில் இருக்கும் தொலைபேசியுடையது. "நல்ல தொடர்பு கிடைச்சிருக்கு, விட்டுடாதீங்க" என்று பயிற்சியாளர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மென்டரிங் இதைவிடச் சிறப்பாக அமைந்தது. தலைவர் எனக்கு வழிகாட்டி. நான் கடன் பிரிவு அம்மாவுக்கு வழிகாட்டி. அவர் காசாளருக்கு வழிகாட்டி. காசாளருக்குக் கீழே ஆள் இல்லை. யாரும் விடுபட்டுவிடக் கூடாது என்ற சமத்துவ நோக்கில் அவரைத் தலைவருக்கே வழிகாட்டியாகப் போட்டுவிட்டோம். மறுநாள் ஒரு உறுப்பினர் வந்து, பாஸ்புக் கிழிந்துவிட்டது, வேறு ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். காசாளர் தன் வழிகாட்டியிடம் கேட்டார். அவர் என்னிடம் கேட்டார். நான் தலைவரிடம் போனேன். தலைவர், தன் வழிகாட்டியைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லிக் காசாளரைக் கூப்பிட்டனுப்பினார். காசாளர் கவுண்டருக்குத் திரும்பி வந்து, "மேலிடத்துல பேசிட்டு வந்திருக்கேன், இன்னும் முடிவாகல" என்றார். ஒரு வார்த்தை பொய்யில்லை.

பாக்கி இருந்தது தொண்டு. அதை எங்கே செய்வது என்பதில்தான் சிக்கல். மரம் நடலாம் என்றால் நடுவதற்கான இடத்தையெல்லாம் போன வருடமே வேறு சங்கத்தார் பிடித்துவிட்டார்கள். ரத்தம் கொடுக்கலாம் என்றால் தலைவருக்கு ஊசியைக் கண்டால் ஆகாது. "உங்களச் சுத்தி இருக்கறவங்க பேசறதக் காது கொடுத்துக் கேளுங்க. தேவை எங்க இருக்குன்னு தானாத் தெரியும்" என்றார் பயிற்சியாளர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மைத்துனன் சாப்பிட வந்திருந்தான். என் மனைவிக்குத் தம்பி; பெயின்டர். சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்கிறவன். கொஞ்ச காலமாகத் தொழில் படுத்துக் கிடந்தது. அவனையும் சேர்த்து ஐந்து குடும்பம் அந்தத் தொழிலை நம்பி இருந்தன. அன்றைக்கு அவன் முகம் தெளிந்திருந்தது.

"அக்கா, முதியோர் இல்லத்து வேலை நமக்குத்தான். உள்ளயும் வெளியயும். மேனேஜரம்மா வாயால சொல்லிட்டாங்க, மாசக் கடைசியில எழுதிக் கொடுத்துடுவாங்க. சுவரெல்லாம் செதில் செதிலா உரியுது மாமா, பார்க்கவே பாவமா இருக்கு. நாலு மாசத்துக்கு எங்க ஆளுங்களுக்குக் கவலை இல்ல."

"சாரத்துக்கு என்னடா பண்ணுவ? மறுபடியும் வாடகைக்கா?" என்றாள் என் மனைவி.

"இல்லக்கா. வாடகை கொடுத்தே பாதி போயிடுது. சொந்தமா இரும்புச் சாரம் வாங்கிடலாம்னு மாமா சங்கத்துல கடனுக்கு எழுதிப் போட்டிருக்கேன். கையில வேலை இருக்குன்னு காட்டினாப் போதும்னு சொன்னாங்க. அப்படித்தானே மாமா?"

"விதி அப்படித்தான்" என்றேன். ஆனால் என் மனம் சாப்பாட்டிலும் இல்லை, சாரத்திலும் இல்லை. சுவர் உரிகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. தேவை எங்கே இருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு நேராகப் போய்த் தலைவருக்குப் போன் போட்டேன். சாப்பாட்டு மேசையைக்கூட நெட்வொர்க்கிங்குக்குப் பயன்படுத்திய முதல் கடன் சங்கச் செயலாளர் நான்தான் என்று தலைவர் மனம் விட்டுப் பாராட்டினார்.

மறு வாரமே, 'சமுதாய சேவைக்குச் செல்வதால் இன்று சேவை கிடையாது' என்று கதவில் அட்டையைத் தொங்கவிட்டு, சங்கத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆளுக்கொரு ஆரஞ்சு நிறப் பனியன். முதுகில் 'ஆர்வம் இருந்தால் போதும்' என்று எழுதியிருந்தது. பனியனுக்கும் வேனுக்கும் புகைப்படக்காரருக்கும் ஆன செலவில் நல்ல பெயின்டராக வைத்துப் பாதி இல்லத்தை முடித்திருக்கலாம் என்று காசாளர் முணுமுணுத்தார். அவருக்குக் கணக்குத் தெரியுமே தவிர லட்சியம் தெரியாது.

மேனேஜரம்மா கைகூப்பி வரவேற்றார். "சும்மாவா செய்யறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். உடனே ஆரம்பித்தோம். சுவரைச் சுரண்டுவது, பட்டி வைத்துத் தேய்ப்பது போன்ற வேலைகளெல்லாம் கூலிக்கு வருகிறவர்கள் பொழுதை ஓட்டுவதற்காகக் கண்டுபிடித்தவை. நாங்கள் நேரடியாகச் செதில்களின் மேலேயே பூசினோம். ஸ்விட்ச் போர்டுகளுக்கும் பூசினோம். கடன் பிரிவு அம்மா ஒரு ஜன்னலை மூடி வைத்துச் சுற்றிலும் கெட்டியாகப் பூசிவிட்டதால் அது இன்று வரை திறக்கவில்லை. உள்ளே காற்று வராததால் அந்த அறையில் யாருக்கும் ஜலதோஷம் பிடிக்காது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, போன மாசம் பாங்க்காரங்க இதே மாதிரி பனியன் போட்டுக்கிட்டு வந்து எங்க எல்லாருக்கும் முடி வெட்டி விட்டாங்க. நீங்க சுவரோட நிறுத்திக்குவீங்கல்ல?"

அவர் தலையைப் பார்த்தேன். நிறுத்திக்கொள்வோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் மைத்துனன் வந்தான், அளவெடுக்க டேப்போடு. பின்னால் அவனுடைய ஆட்கள் நால்வர். ஆரஞ்சு பனியனுக்குள் இருப்பது நான்தான் என்று புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"என்ன மாமா இது?"

"தொண்டு" என்றேன்.

"இது என் வேலை மாமா."

"நம்ம எல்லாரோட வேலையும்தான் மாப்ள. நீயும் ஒரு பிரஷ் எடுத்துக்க."

அவன் எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தான். மேனேஜரம்மாவைப் பார்த்தான், அவர் ஜன்னலைப் பார்த்தார். டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். புகைப்படக்காரர் அப்போது பார்த்து எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். நானும் சிரித்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

அடுத்த கடன் குழுக் கூட்டத்தில் மைத்துனனின் விண்ணப்பம் வந்தது. கையில் வேலை இல்லாதவருக்குத் தொழில் கடன் கிடையாது என்பது விதி. அவன் கையில் வேலை இல்லை. எப்படி இல்லாமல் போயிற்று என்று எழுதுவதற்கு விண்ணப்பத்தில் இடம் விடப்படவில்லை. சொந்தபந்தம் என்று பார்த்தால் நிர்வாகம் நடத்த முடியாது; விண்ணப்பத்தை நிராகரித்து முதல் கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் சங்கம் அவனைக் கைவிட்டுவிடவில்லை. 'நலிந்த உறுப்பினர்களுக்கான மென்டரிங் திட்ட'த்தில் அவனை முதல் பயனாளியாகச் சேர்த்தோம். வழிகாட்டியும் நானே. என் அறைக்கு அழைத்து உட்கார வைத்தேன்.

"மாப்ள, உனக்கு ஏன் வேலை அமையலன்னு என்னைக்காவது யோசிச்சுப் பார்த்தியா?"

"யோசிக்க என்ன மாமா இருக்கு. நேர்லயே பார்த்தேனே."

"அப்படிப் பேசக் கூடாது. உனக்குத் திறமை இருக்கு, தொடர்பு பத்தல. நம்ம உறுப்பினர்களே எத்தனை பேர் இருக்காங்க. யார் யார் என்ன தொழில்னு உனக்குத் தெரியுமா? வீடு வீடாப் போ. நாலு பேரோட பேசிப் பழகு."

"சரி மாமா, பழகிப் பார்க்கறேன்" என்று எழுந்து போனான். வழிகாட்டியின் சொல்லை இவ்வளவு அக்கறையாகக் கேட்ட ஒருவனை எங்கள் சங்கம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் வரும். வருகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். மைத்துனன் தன் வண்டியை விற்றுவிட்டதும், அவனுடைய ஆட்களில் இரண்டு பேர் மூட்டை தூக்கப் போய்விட்டதும் அவள் போனில் பேசுவதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. மனசு கஷ்டப்பட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே வாரத்தில் 'சிறந்த தொண்டுச் சங்கம்' என்ற கேடயம் எங்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரே மனசில் இரண்டையும் வைத்துக்கொள்ள இடம் போதவில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேடயத்தை மேடையில் நடுநாயகமாக வைத்தோம். கடன் சங்கங்களில் ஒரு சங்கடம் உண்டு. சட்டப்படி உறுப்பினர்கள்தான் முதலாளிகள். அவர்கள் கை தூக்கித் தீர்மானம் போட்டுவிட்டால் போட்டதுதான். வருடத்தில் ஒரு நாள் இது அவர்களுக்கு ஞாபகம் வரும். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். அன்றும் டீ கொடுத்தாகிவிட்டது. பாராட்டிப் பேச யாராவது விரும்பினால் பேசலாம் என்றார் தலைவர். மைத்துனன் எழுந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பெயின்டர். சங்கத்துக்காரங்க முதியோர் இல்லத்துல செஞ்ச தொண்டப் பார்த்ததுலேர்ந்து எனக்கும் ஏதாவது செய்யணும்னு ஆசை. என் வழிகாட்டி, நாலு பேரோட பேசிப் பழகுன்னு சொன்னாரு. பழகினேன். நம்ம உறுப்பினருங்கள்ல ரிட்டயரான கணக்காளருங்க ரெண்டு பேர் இருக்காங்க. பாங்க்ல காசாளரா இருந்த அம்மா ஒருத்தங்க இருக்காங்க. டீச்சருங்க இருக்காங்க. எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க. இனிமே இந்தச் சங்கத்து வேலை முழுசையும் நாங்களே செஞ்சு கொடுத்துடறோம். ஒரு காசு வேண்டாம். சும்மா."

மண்டபம் கைதட்டியது. "அருமையான எண்ணம்" என்று தலைவரும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டார். காசாளர் குனிந்து காதில் ஏதோ சொன்னார். சொன்னது வழிகாட்டி அல்லவா, தலைவருக்கு உடனே விளங்கியது. தட்டிய கை பாதியில் நின்றது.

"சும்மான்னா, மாசத்துக்கு ஒரு நாள் மாதிரியா?"

"தினமும்தான் ஐயா. தொண்டுக்கு எதுக்கு லீவு?"

"உங்களுக்கெல்லாம் இந்த வேலையில பயிற்சி இல்லையே" என்றார் கடன் பிரிவு அம்மா.

"உங்க முதுகுலயே எழுதியிருந்துச்சேம்மா, ஆர்வம் இருந்தாப் போதும்னு."

"தீர்மானமாவே போட்டுடலாம்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கைகள் உயர ஆரம்பித்தன. நான் பயிற்சியாளரைத் தேடினேன். அவர் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானே எழுந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நான் பேசியது கிடையாது.

"கையை இறக்குங்க. இது அநியாயம். நாங்க இந்தத் தொழில நம்பித்தான் இத்தனை வருஷமா இருக்கோம். எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. ஒருத்தன் கூலிக்குச் செய்யற வேலைய நாலு பேர் சேர்ந்து வந்து சும்மா செஞ்சு கொடுத்துட்டா, அவன் எங்க போவான்? இதுக்குப் பேர் தொண்டா? வயித்துல அடிக்கறது இது."

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். உறுப்பினர் என்ற முறையில் முன்வரிசையில் இருந்த என் மனைவி, இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"பின்னால இருக்கறவங்களுக்குச் சரியாக் கேக்கலையாம். மைக்கப் பிடிச்சு இன்னொரு தடவ சொல்லுங்க."